பாக்கெட் பின்னாடி இருக்குற 621ம் பையனோட தலைவலியும்

கேள்வி:

"மேடம், என் பையனுக்கு 9 வயசு, 25 கிலோ இருக்கான். நூடுல்ஸ், சிப்ஸ், பாக்கெட் சூப்னா உயிரு. நான் வேலைக்கு போறதால வாரத்துல மூணு நாலு நாள் சாயங்காலம் நூடுல்ஸ்தான் செஞ்சு கொடுக்குறேன். ரெண்டு மாசமா சாயங்காலம் ஆனா தலை வலிக்குதும்மான்னு சொல்றான். இப்ப ஃபேமிலி குரூப்ல ஒரு மெசேஜ் வந்துச்சு, அஜினோமோட்டோ குழந்தைங்க மூளைய அரிச்சிடும், கேன்சர் வரும், 631ன்னா பன்றிக் கொழுப்பு அப்படின்னு. வீட்டுல இருந்த பாக்கெட் எல்லாத்தையும் திருப்பி பாத்தா எல்லாத்துலயும் 621, 627, 631, 635ன்னு ஏதாவது ஒண்ணு இருக்கு. அத்தனையும் குப்பையில போட்டுட்டேன். மாமனாருக்கு பிபி இருக்கு, யூரிக் ஆசிட்டும் அதிகம், அவரும் அந்த சூப்பைத்தான் குடிப்பாரு. நீதான் இதெல்லாம் கொடுத்து கெடுத்தேன்னு வீட்டுல சொல்றாங்க. எனக்கு ராத்திரி தூக்கமே வரல. நான் என் பிள்ளைக்கு விஷம் கொடுத்துட்டேனா மேடம்? பேர் போடாதீங்க."

பதில்:

இல்லம்மா. நீங்க விஷம் கொடுக்கல. மொதல்ல இத சொல்லிடறேன், ஏன்னா மத்த கேள்விக்கெல்லாம் நிதானமா பதில் படிக்கணும்னா இந்த ஒண்ணு மனசுல இருந்து இறங்கணும். உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். அதுல எனக்கு 621 பத்தின கவலைய விட ரெண்டு மாசமா ஒரு 9 வயசு பையன் தினமும் தலைவலின்னு சொல்றாங்குறதுதான் பெருசா தெரியுது, அதுக்கு கண்டிப்பா வர்றேன். ஆனா நீங்க 621 பயத்துல இருக்குற வரைக்கும் அந்தப் பக்கம் உங்க கண்ணு போகாது, அதனால அத முதல்ல பாத்துடலாம்.

621ங்கிறது மோனோசோடியம் குளுட்டமேட், சுருக்கமா எம்எஸ்ஜி. 1908ல டோக்கியோ இம்பீரியல் யுனிவர்சிட்டியில இருந்த கிகுனே இகேடாங்கிற கெமிஸ்ட்ரி புரொஃபசர் கடல்பாசி போட்டு கொதிக்க வச்ச சூப்புல இனிப்பு புளிப்பு உப்பு கசப்பு எதுலயும் சேராத ஒரு ருசி இருக்கேன்னு யோசிச்சு, அந்தப் பாசியில இருந்து குளுட்டமிக் ஆசிட்ட பிரிச்சு எடுத்தாரு, அந்த ருசிக்கு உமாமின்னு பேரு வச்சாரு. அடுத்த வருஷமே அது அஜினோமோட்டோங்கிற பிராண்ட் பேர்ல விற்பனைக்கு வந்துச்சு, அந்த பிராண்ட் பேரே பொருளுக்கு பேரா நிலைச்சிடுச்சு. இன்னைக்கு பாசியில இருந்து யாரும் எடுக்கறதில்ல, கரும்பு மொலாசஸ், சோளம், மரவள்ளி மாவு இதுல ஒரு வகை பாக்டீரியாவ விட்டு நொதிக்க வச்சு தயாரிக்கிறாங்க, தயிர் மாதிரி நொதிக்கிற வேலைதான், பெரிய பெரிய டேங்க்ல நடக்குது, அவ்வளவுதான்.

இந்த குளுட்டமேட் ஏதோ ஃபேக்டரியில மட்டும் இருக்குற சாமான்னு நினைச்சுக்காதீங்க. நல்லா பழுத்த தக்காளியில இருக்கு, காளான்ல இருக்கு, நாள்பட்ட சீஸ்ல ஏராளமா இருக்கு. நம்ம உடம்பே தயாரிக்குது. தாய்ப்பால்ல இருக்கு, அதுவும் பசும்பால்ல இருக்குறத விட சுமார் பத்து மடங்கு அதிகம். உங்க பையன் தாய்ப்பால் குடிச்சிருந்தான்னா அவன் நாக்குல பட்ட முதல் ருசியிலயே குளுட்டமேட் இருந்துருக்கு. தக்காளியில இருந்து வந்ததா, பாக்கெட்ல இருந்து வந்ததான்னு குடலுக்கு வித்தியாசம் தெரியாது, ரெண்டும் ஒரே மூலக்கூறுதான். நாம சாப்பிடுற குளுட்டமேட்ல பெரும்பகுதிய குடலோட செல்களே எரிபொருளா எரிச்சு தீத்துடும், ரத்தத்துக்கு போறதே கொஞ்சம்தான். அப்படி போனாலும் ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவுல இருக்குற தடுப்பு அத சுலபத்துல உள்ள விடாது.

அப்புறம் எங்க இருந்து வந்துச்சு இந்த "மூளைய அரிச்சிடும்" கதை? சும்மா வரல, அதனாலதான் இத்தனை வருஷமா உயிரோட இருக்கு. 1968ல அமெரிக்காவுல இருந்த ராபர்ட் ஹோ மன் குவாக்ங்கிற டாக்டர் ஒரு மருத்துவ இதழுக்கு சின்னதா ஒரு லெட்டர் எழுதினாரு, சைனீஸ் ஹோட்டல்ல சாப்பிட்டா எனக்கு கழுத்து பின்னாடி மரத்துப் போகுது, படபடப்பா இருக்குது, இது சோயா சாஸாலயா, சமையலுக்கு ஊத்துற ஒயினாலயா, எம்எஸ்ஜியாலயா, இல்ல உப்பு அதிகமா இருக்குறதாலயான்னு சந்தேகமா கேட்டாரு. அவரு கேட்டது கேள்வி, ஊருக்குள்ள போகும்போது அது தீர்ப்பா மாறிடுச்சு, நாலு சந்தேகத்துல மூணு மறைஞ்சு எம்எஸ்ஜி மட்டும் மாட்டிக்கிச்சு. அடுத்த வருஷம் ஜான் ஓல்னிங்கிற ஆராய்ச்சியாளர் பிறந்த சில நாளே ஆன எலிக்குட்டிங்களுக்கு எம்எஸ்ஜிய ஊசியில ஏத்தி பாத்தாரு, மூளையில சில இடத்துல செல்கள் செத்துப் போச்சு. இது உண்மையா நடந்த ஆராய்ச்சி, உங்க ஃபேமிலி குரூப் மெசேஜோட பாட்டன் இதுதான்.

ஆனா அளவ பாருங்க. ஒரு கிலோ உடல் எடைக்கு 0.5 கிராம்ல இருந்து 4 கிராம் வரைக்கும், தோலுக்கு அடியில ஊசி மூலமா. உங்க 25 கிலோ பையனுக்கு அந்தக் கணக்க போட்டா ஆகக் குறைஞ்சதே 12 கிராமுக்கு மேல வரும், அதையும் வாய் வழியா இல்லாம, குடல் எரிக்கிற வேலைய தாண்டி, நேரா உடம்புக்குள்ள ஏத்தணும். எம்எஸ்ஜி சேர்த்த ஒரு வேளை சாப்பாட்டுல சாதாரணமா அரை கிராம் கூட இருக்காது. ஆனாலும் அந்த ஆராய்ச்சிக்கு அப்புறம் கைக்குழந்தைங்க உணவுல எம்எஸ்ஜி போடுறத கம்பெனிங்க நிறுத்துனாங்க, அது சரியான முடிவுதான்னு நான் சொல்லுவேன், கைக்குழந்தை சாப்பாட்டுக்கு ருசி கூட்ட வேண்டிய அவசியமே இல்லையே. கேன்சர் வரும்னு சொல்றதுக்கு ஆதாரம் கிடையாது.

எந்த அளவு பரவாயில்லன்னு கேப்பீங்க. ஐநா சபையோட உணவு அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேந்து நடத்துற நிபுணர் குழு 1987ல எம்எஸ்ஜிக்கு தினசரி வரம்பு எண் வைக்கத் தேவையில்லன்னு சொல்லுச்சு. ஆனா ஐரோப்பாவோட உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017ல மறுபடி எல்லாத்தையும் பாத்துட்டு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம்னு ஒரு வரம்பு வச்சாங்க, அதோட பாக்கெட் சாப்பாடு அதிகம் சாப்பிடுறவங்க இந்த அளவ தாண்ட வாய்ப்பிருக்குன்னும் சொன்னாங்க, குழந்தைங்களும் அதுல அடக்கம். நிபுணர்களுக்குள்ளயே ரெண்டு கருத்து இருக்கும்போது குழந்தைன்னா நான் எச்சரிக்கையான பக்கம்தான் நிப்பேன். உங்க பையனுக்கு கணக்கு போட்டா 30 பெருக்கல் 25, 750 மில்லிகிராம். ஒரு நாள்ல ஒரு பாக்கெட் நூடுல்ஸ் மட்டும் சாப்பிட்டா பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குள்ள இருப்பான். அதே நாள்ல நூடுல்ஸ், மசாலா சிப்ஸ், ராத்திரி பாக்கெட் சூப்னு மூணும் சேந்தா கோட்ட தொட்டுடலாம், தாண்டியும் போகலாம். தாண்டுன அன்னைக்கே ஏதோ ஆயிடும்னு அர்த்தம் இல்ல, அந்த வரம்பே பல மடங்கு பாதுகாப்பு வச்சு போட்டதுதான், ஆனா தினமும் தாண்டுற பழக்கம் வேணாம்.

எம்எஸ்ஜி சாப்பிட்டா யாருக்குமே தலைவலி வராதான்னு கேட்டா, சிலருக்கு வருது. வெறும் வயித்துல, வேற சாப்பாடு கூட இல்லாம 3 கிராம் அல்லது அதுக்கு மேல ஒரே நேரத்துல எடுத்தா சிலருக்கு தலைவலி, முகம் சூடாகுறது, மரத்துப் போறது, படபடப்பு எல்லாம் கொஞ்ச நேரம் வந்துட்டு தானா போயிடும்னு 1995ல அமெரிக்க அரசுக்காக தயாரிச்ச ஒரு பெரிய அறிக்கையில ஒத்துக்கிட்டாங்க. அதுக்கப்புறம் 2000ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, எனக்கு எம்எஸ்ஜி ஒத்துக்காதுன்னு தாங்களே சொன்ன 130 பேர கூப்பிட்டு, எது எம்எஸ்ஜி எது சும்மா பவுடர்னு கொடுக்குறவங்களுக்கும் தெரியாம வாங்குறவங்களுக்கும் தெரியாம கொடுத்து பாத்தாங்க. முதல் தடவ ரியாக்‌ஷன் வந்தவங்களுக்கு மறுபடி கொடுத்தப்ப பெரும்பாலும் அது திரும்ப வரல, சாப்பாட்டோட சேத்து கொடுத்தப்ப சுத்தமா நிலைக்கல. சிலருக்கு சும்மா பவுடருக்கே தலைவலி வந்துச்சு. இத சொன்னா "அப்ப நான் நடிக்கிறேனா"ன்னு என்கிட்ட கோவிச்சுக்கிட்டவங்க உண்டு. யாரும் நடிக்கல. பயந்துக்கிட்டே சாப்பிட்டா நெஜமாவே தலை வலிக்கும், வலி வலிதான், காரணம்தான் வேற.

சரி, இப்ப பையன் தலைவலிக்கு வருவோம்.

நீங்க ஒரு விஷயத்த எழுதல. நூடுல்ஸ் வாரத்துல மூணு நாலு நாள்னு சொல்றீங்க, தலைவலி "சாயங்காலம் ஆனா"ன்னு சொல்றீங்க. நூடுல்ஸ் சாப்பிடாத நாள்ல வலி இருக்கா இல்லையா? சாப்பிடுறதுக்கு முன்னாடியே வலிக்குதா, அப்புறமா? எம்எஸ்ஜியால வர்ற தொந்தரவுன்னா பெரும்பாலும் சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள்ள தெரிஞ்சிடும். ஸ்கூல் விட்டு வந்து பைய கீழ போடும்போதே தலையப் புடிச்சிக்கிட்டு வர்றான்னா பாவம் அந்த நூடுல்ஸ் இன்னும் அடுப்புல கூட ஏறலையே.

என்கிட்ட சில வருஷம் முன்னாடி ஒரு அம்மா வந்தாங்க, பொண்ணுக்கு இதே வயசு, இதே தலைவலி. கையில ஒரு நோட்டு வச்சிருந்தாங்க, அதுல எந்த பாக்கெட்ல என்ன நம்பர் இருக்குன்னு பேனாவால கட்டம் போட்டு எழுதி வச்சிருந்தாங்க, அவ்வளவு சிரத்தை. ஆறு மாசமா 621 இருக்குற எதையும் வீட்டுக்குள்ள விடல. பொண்ணு ஃபிரெண்ட் பர்த்டேக்கு போனா கூட ஒண்ணும் சாப்பிடாம வந்துச்சாம், "அம்மா அது விஷம்னு சொன்னாங்க"ன்னு சொல்லிட்டு வந்துச்சாம். தலைவலி மட்டும் போகல. அவங்க என்கிட்ட பேசிக்கிட்டு இருக்கும்போது அந்தப் பொண்ணு சுவத்துல மாட்டியிருந்த சார்ட்ட படிச்சுக்கிட்டு இருந்துச்சு, கண்ண இடுக்கி இடுக்கி, நெத்திய சுருக்கி, ஒரு அடி முன்னாடி நகந்து போய். நான் சாப்பாட்டு பேச்ச நிறுத்திட்டு கண் டாக்டர்கிட்ட முதல்ல போங்கன்னு அனுப்பினேன். கண்ணாடி போட்டு மூணு வாரத்துல தலைவலி நின்னு போச்சு. அந்த அம்மா ஃபோன்ல அழுதாங்க, சந்தோஷத்துல இல்ல, ஆறு மாசம் தப்பான இடத்துல தேடிட்டேனேன்னு.

அது உங்க பையனுக்கும் கண்ணுதான்னு நான் சொல்ல வரல, எனக்கு அவன நேர்ல தெரியாது. ஆனா வரிசை இதுதான். ஸ்கூல்ல தண்ணி பாட்டில் நிறைஞ்சபடி திரும்பி வருதான்னு பாருங்க, டாய்லெட் போகப் பிடிக்காம தண்ணியே குடிக்காத குழந்தைங்க எத்தனையோ பேரு. மத்தியான சாப்பாடு டிஃபன் பாக்ஸ்ல மிச்சம் வருதா, காலையில சாப்பிட்டுட்டு போறானா, எத்தன மணிக்கு தூங்குறான், ஃபோன் எவ்வளவு நேரம், கரும்பலகையில எழுதுறது தெரியுதான்னு கேளுங்க. ஒரு தாள எடுத்து ரெண்டு வாரத்துக்கு எழுதுங்க, வலி ஆரம்பிச்ச நேரம், அதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டான், எப்ப சாப்பிட்டான், எவ்வளவு தண்ணி, எவ்வளவு தூக்கம். இந்த ரெண்டு வாரத்துக்குள்ளயே ஒரு கண் டெஸ்ட்டும் பண்ணிடுங்க, குழந்தைங்க டாக்டர்கிட்டயும் காட்டிடுங்க, ரெண்டு மாசமா தொடர்ந்து வலின்னா டாக்டர் பாக்காம விடக்கூடாது.

இத மட்டும் கவனமா படிங்க. தூக்கத்துல இருந்து வலியால எழுந்திருச்சாலோ, காலையில எழுந்ததும் வலியோட வாந்தி எடுத்தாலோ, பார்வை ரெண்டா தெரியுதுன்னு சொன்னாலோ, நடக்கும்போது தள்ளாடினாலோ, வலி நாளுக்கு நாள் கூடிக்கிட்டே போனாலோ, தாள் எழுதுற வேலையெல்லாம் வேணாம், அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போங்க.

இப்ப அந்த பாக்கெட். தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னீங்க, அடுத்த தடவ கடையில ஒண்ண கையில எடுத்து பின்னாடி திருப்புங்க. என்னென்ன போட்டிருக்காங்கங்கிற பட்டியல்ல எது எடையில அதிகமோ அதுதான் முதல்ல வரும். நூடுல்ஸ்ல முதல்ல மைதா, அடுத்து பாமாயில், மசாலா பொட்டலத்துல பெரும்பாலும் உப்பு முன்னாடியே நிக்கும், நீங்க பயந்த 621, 635 எல்லாம் வால்ல இருக்கும். அங்க இருந்து கண்ண எடுத்து ஊட்டச்சத்து கட்டத்துல சோடியம்னு இருக்குற வரிக்கு வாங்க. அங்க ஒரு சூட்சுமம் இருக்கு, 100 கிராமுக்கு எவ்வளவுன்னு போட்டிருக்காங்களா, ஒரு பாக்கெட்டுக்கா, இல்ல "ஒரு பரிமாறல்"னு சொல்லி பாதி பாக்கெட்டுக்கு போட்டிருக்காங்களான்னு பாக்கணும். பையன் முழு பாக்கெட் சாப்பிடுவான்னா முழு பாக்கெட்டுக்கு கணக்கு போடுங்க. வந்த மில்லிகிராம 2.5ஆல பெருக்குங்க, அதுதான் உப்போட எடை. சோடியம் 1000 மில்லிகிராம்னு வந்துச்சுன்னா 2.5 கிராம் உப்பு.

என்கிட்ட வர்ற பெத்தவங்க முன்னாடி நான் அந்த உப்ப ஸ்பூன்ல எடுத்து ஒரு வெள்ளைத் தட்டுல கொட்டி காட்டுவேன், அரை டீஸ்பூன் குவியல். பேப்பர்ல 1000ன்னு படிக்கும்போது யாருக்கும் ஒண்ணும் தோணாது, தட்டுல பாத்தா முகம் மாறிடும். பெரியவங்களுக்கே ஒரு நாள் முழுக்க 5 கிராமுக்கு உள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, குழந்தைங்களுக்கு அத விட கம்மி. ஒரு சாயங்கால ஸ்நாக்ஸ்லயே பெரியவங்க கணக்குல பாதி போயிடுது. இதுல எம்எஸ்ஜியோட பங்கு கொஞ்சம்தான், சமையல் உப்புல 39 சதவீதம் சோடியம், எம்எஸ்ஜியில 12 சதவீதம்தான். உப்ப கொறச்சுட்டு துளி எம்எஸ்ஜி போட்டா மொத்த சோடியம் கொறையத்தான் செய்யும், சில நாட்டு ஆராய்ச்சியாளர்கள் உப்பு குறைக்க இதையே ஒரு வழியா சொல்றாங்க. ஆனா பாக்கெட் கம்பெனிங்க அப்படி உப்ப கொறச்சுட்டா போடுறாங்க? உப்பும் நிறைய, அது மேல இதுவும்.

நான் கவலைப்படுறது இங்கதான். மைதாவுக்கும் பாமாயிலுக்கும் உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சுக்கும் தனியா பெரிய ருசி கிடையாது. உமாமி ருசி நாக்குல பட்டா புரதம் உள்ள சாப்பாடு வருதுன்னுதான் உடம்பு எடுத்துக்கும், எலும்பு சூப்போ பருப்போ பாலோ மாதிரி. பாக்கெட்ல அந்த ருசி வருது, புரதம் அவ்வளவா வரல. 621 கூட 627, 631ங்கிற வேற ரெண்டு ருசி கூட்டுற உப்பு சேந்தா ருசி பல மடங்கு ஏறும், அதனாலதான் ரெண்டையும் கலந்து 635ன்னு ஒரு நம்பரா போட்டு எம்எஸ்ஜியோட சேக்குறாங்க, சல்லிசான மாவுல காசு செலவில்லாம கறி சூப்பு ருசி வந்துடுது. 2019ல அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல கெவின் ஹால் தலைமையில ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு, 20 பேர உள்ளயே தங்க வச்சு ரெண்டு வாரம் முழுக்க அதிகம் பதப்படுத்தின சாப்பாடு, ரெண்டு வாரம் பதப்படுத்தாத சாப்பாடு, ரெண்டுலயும் வச்ச கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவு, எவ்வளவு வேணா சாப்பிடுங்கன்னு விட்டாங்க. பதப்படுத்தினது கிடைச்ச நாள்ல தினமும் சுமார் 500 கலோரி கூட சாப்பிட்டாங்க, வேகமாவும் சாப்பிட்டாங்க, ரெண்டு வாரத்துல சராசரியா 0.9 கிலோ ஏறிட்டாங்க. இது ஒரு நம்பரால ஆனதுன்னு யாரும் சொல்லல, மெல்ல வேண்டாத மென்மை, ருசி, எண்ணெய், எல்லாம் சேந்த கூட்டு வேலை. அதனாலதான் நான் உங்ககிட்ட 621 இருக்கான்னு மட்டும் பாக்காதீங்கன்னு சொல்றேன், 621 இல்லாத பாக்கெட்டும் இதே வேலைய செய்யும்.

சொல்லப்போனா "எம்எஸ்ஜி சேர்க்கவில்லை"ன்னு பெருசா எழுதியிருக்குற பாக்கெட்ட பாத்தா எனக்கு கோவம்தான் வருது. பின்னாடி பாத்தா ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட்னு இருக்கும், ஹைட்ரோலைஸ்டு வெஜிடபிள் புரோட்டீன்னு இருக்கும். ரெண்டுலயும் அதே குளுட்டமேட் இயல்பாவே நிறைய இருக்கு, அதுக்காகத்தான் சேக்குறாங்க. உங்கள மாதிரி பயந்துபோன அம்மாக்கள்கிட்ட கூடுதல் விலைக்கு அதையே விக்கிறது நியாயம் இல்ல.

631 பன்றிக் கொழுப்புன்னு வந்தது பொய். அது கொழுப்பே கிடையாது, டைசோடியம் இனோசினேட்னு ஒரு உப்பு. மீன்ல இருந்தும் எடுக்கலாம், இறைச்சியில இருந்தும் எடுக்கலாம், ஸ்டார்ச்ச நொதிக்க வச்சும் எடுக்கலாம், இப்ப நிறைய நொதிக்க வச்சுதான் வருது. நம்பர வச்சு எதுல இருந்து வந்துச்சுன்னு சொல்ல முடியாது, அதனால சைவம் பாக்குறவங்க பாக்கெட்ல இருக்குற சைவ அடையாளத்த பாக்கணும், அதுலயும் சந்தேகம்னா கம்பெனிக்கு எழுதி கேக்கலாம்.

மாமனாருக்கு மட்டும் இந்த நம்பர்கள் கொஞ்சம் முக்கியம். 627, 631, 635 மூணும் பியூரின் வகை, உடம்புல உடைஞ்சு யூரிக் ஆசிட்டாத்தான் மாறும். பாக்கெட்ல போடுற அளவு ரொம்ப கம்மி, அதனால மட்டும் அவருக்கு ஏறிடுச்சுன்னு சொல்ல முடியாது, ஆனா ஏற்கனவே அதிகமா இருக்குறவரு, கால் கட்டைவிரல் வீங்கி அவதிப்படுறவரு தினமும் அதையே குடிக்க வேண்டாம். அத விட பெருசா அவருக்கு பாக்க வேண்டியது ஈரல் மாதிரி உள்ளுறுப்பு இறைச்சி, மது, சர்க்கரை ஊத்துன கூல்டிரிங்க்ஸ், தண்ணி கம்மியா குடிக்கிறது. பிபிக்கு அந்த சூப்புல இருக்குற உப்பே போதும் கெடுக்க. சூப் ஆசையா இருந்தா காய் போட்டு, தக்காளி ரெண்டு கூட போட்டு, காளான் கிடைச்சா போட்டு வீட்டுலயே கொதிக்க வைங்க, தக்காளியும் காளானும் சேந்தா உப்பு கம்மியா போட்டாலும் ருசி நிக்கும், அது நான் மேல சொன்ன அதே உமாமிதான். பிபி மாத்திரைய மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்த வேணாம்னு சொல்லுங்க. (குழந்தைங்க துறுதுறுன்னு அடங்காம போறதுக்கும் அஜினோமோட்டோவ சொல்றாங்க, அதுவும் தப்பு. 2007ல இங்கிலாந்துல சவுத்தாம்ப்டன்ல பண்ண ஆராய்ச்சியில சந்தேகத்துக்கு வந்தது 102, 110 மாதிரி சில செயற்கை கலரும் சோடியம் பென்சோயேட்ங்கிற 211ம்தான். ஆஸ்துமா இருக்குறவங்க பாக்க வேண்டியது 220ல இருந்து 228 வரைக்கும் இருக்குற சல்ஃபைட்ங்கிற கெடாம வைக்கிற பொருள்.)

நூடுல்ஸ ஒரேயடியா நிறுத்துங்கன்னு சொல்ல மாட்டேன். வேலை விட்டு வந்து பசியோட நிக்கிற பிள்ளைக்கு அஞ்சு நிமிஷத்துல ஏதாவது சூடா கொடுக்கணும்னு நினைச்சது குத்தமே இல்ல, அந்த வீட்டுல அடுப்பு பத்த வைக்கிறதுக்கு இன்னும் நாலு கை இருக்கே, அவங்களும் ஒரு முட்டைய வேக வச்சு வைக்கலாம், பழம் நறுக்கி வைக்கலாம். உங்கள குத்தம் சொல்றவங்ககிட்ட இந்த பதில அப்படியே காட்டுங்க. வாரம் நாலு நாள வாரம் ஒரு நாளா கொறைங்க. அந்த ஒரு நாள்லயும் மசாலா பொட்டலத்துல பாதி மட்டும் போடுங்க, மிச்ச பாதிய எடுத்து வைக்காம போட்டுடுங்க, இல்லன்னா அடுத்த தடவ கை தானா அதையும் சேத்து கொட்டிடும். கூட ஒரு முட்டை, ரெண்டு கை காய். முதல் ரெண்டு தடவ "ருசியே இல்ல"ன்னு சொல்லுவான், உப்புக்கு பழகுன நாக்கு இறங்கி வர சில வாரம் ஆகும், விட்டுப் புடிங்க. ஆனா அவன் காதுல விழுற மாதிரி விஷம், கேன்சர், மூளை போயிடும்னு பேசாதீங்க. ஏற்கனவே தலை வலிக்கிற பிள்ளை, தான் சாப்பிட்டது தன்ன கொன்னுடும்னு நினைச்சுக்கிட்டு படுத்தா அவனுக்கும் தூக்கம் போயிடும்.

இன்னைக்கே தாள ஆரம்பிங்க, பென்சில்ல எழுதினா கூட போதும். ரெண்டு வாரம் கழிச்சு அத ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க, கண் டெஸ்ட்ல என்ன சொன்னாங்கன்னும் எழுதுங்க. மாமனாருக்கு கடைசியா யூரிக் ஆசிட் எப்ப பாத்தீங்க, அந்த ரிப்போர்ட்ல கிட்னி வேலைய காட்டுற கிரியாட்டினின் அளவும் இருந்தா அதையும் சேத்து அனுப்புங்க.